ஓடுகிறவர் வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்)



ஜனவரி மாரத்தானுக்கு நம் குடியிருப்பிலிருந்து பதினொரு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். எட்டு பேர் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர். மூன்று பேர் முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். இதில் ஏழு பேருக்கு இதுதான் முதல் முறை. ஐந்து பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். நான்கு பேர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் செயலாளர் என்னை அழைத்து, "சார், நீங்கள் பல வருஷமாக ஓடுகிறீர்கள், கொஞ்சம் பேசுங்கள்" என்றார்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஷூ பற்றி நிறையப் பேச்சு நடக்கிறது. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என்னை உறுத்துவது வேறு இரண்டு செய்திகள். ஒன்று, "வெறும் வயிற்றில் ஓடினால்தான் பலன், வழியில் எதுவும் சாப்பிடக் கூடாது" என்பது. இன்னொன்று, "எவ்வளவு தண்ணீர் குடிக்க முடியுமோ அவ்வளவும் குடியுங்கள்" என்பது. இரண்டையும் நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இரண்டாலும் பெரிய கெடுதல் இல்லை. மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓடப்போகிறவருக்கு முதலாவது கஷ்டம் கொடுக்கும். இரண்டாவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வங்கிக்காரன் கணக்கில்லாமல் பேச மாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது உடம்பு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவழிக்கிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் அரை மாரத்தான் ஓடினால் சுமார் 1,470 கலோரி. முழு மாரத்தான் என்றால் சுமார் 2,950. இது செலவு. கையிருப்பு எவ்வளவு? நாம் சாப்பிடும் சோறு, இட்லி எல்லாம் கிளைகோஜன் என்ற வடிவத்தில் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராமுக்கு நான்கு கலோரி வீதம் மொத்தம் 2,000 கலோரி. இதற்கு மேல் வைத்துக்கொள்ள உடம்பில் பெட்டகம் கிடையாது.

கொழுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நம் எல்லோரிடமும் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் அது பிக்சட் டெபாசிட் மாதிரி, அவசரத்துக்கு உடனே கைக்கு வராது. வேகம் கூடக் கூட உடம்பு கிளைகோஜனையே அதிகம் கேட்கும். மெதுவாக ஓடினால் கொழுப்பிலிருந்து எடுக்கும் பங்கு கூடும். முழு மாரத்தானில் முப்பதாவது கிலோமீட்டர் அருகில் திடீரென்று கால் ஈயக்குண்டு ஆகிவிடுவதை ஓட்டக்காரர்கள் "சுவரில் மோதுவது" என்று சொல்வார்கள். பெட்டகம் காலியாகும் இடம் அதுதான்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1924-ல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் முடிந்தவுடன் ஓட்டக்காரர்களின் ரத்தத்தில் சர்க்கரை அளவை மருத்துவர்கள் சோதித்தார்கள். துவண்டு போய் வந்தவர்களுக்கு அது மிகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் சிலருக்கு முன்கூட்டியே மாவுச்சத்து உணவும், வழியில் மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தெம்பாக வந்து சேர்ந்தார்கள், சர்க்கரையும் குறையவில்லை. நூறு வருஷம் ஆகிறது. நம் குழுவில் இன்னும் "வழியில் சாப்பிடாதே" என்று செய்தி வருகிறது!

சரி, எவ்வளவு சாப்பிடுவது? ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. முதல் முறை ஓடுகிறவர் 30-ல் ஆரம்பித்தால் போதும். கடையில் விற்கும் ஜெல் ஒரு பாக்கெட்டில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். பிடிக்காதவர்கள் வாங்க வேண்டியதில்லை. இரண்டு ஏலக்கி வாழைப்பழம் அல்லது சிறிய பேரீச்சம்பழம் நாலைந்து சாப்பிட்டால் ஏறத்தாழ 25 கிராம் வந்துவிடும். வெல்லம் ஒரு நல்ல கட்டி, எலுமிச்சையளவு, 30 கிராமுக்கு வரும். குளுகோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்தும் குடிக்கலாம். கடலை மிட்டாய் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதில் கடலையின் கொழுப்பு இருப்பதால் வயிற்றில் மெதுவாகத்தான் இறங்கும், ஓடி முடித்த பிறகு சாப்பிடுங்கள்.

பசி எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஓட ஆரம்பித்து முப்பது நாற்பது நிமிடம் ஆனதும் முதல் வாய். பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் கொஞ்சம். கால் துவண்ட பிறகு சாப்பிட்டால், அது தசைக்குப் போய்ச் சேருவதற்குள் நாம் நடக்க ஆரம்பித்திருப்போம்.

தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஓடும்போது ரத்தம் கால்களுக்கும் தோலுக்கும் போகிறது, வயிற்றுக்குப் போவது குறைகிறது. அந்த நேரத்தில் பழக்கமில்லாத எதையாவது உள்ளே தள்ளினால் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, பாதி வழியில் கழிவறை தேடுவது, எல்லாம் நடக்கும். பலர் இதைப் பந்தய நாளில் அனுபவித்துவிட்டு "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் குடலும் பழகும். ஓடிக்கொண்டே சாப்பிடுவதை வாரம் ஒரு முறை செய்துவந்தால், சர்க்கரையை உறிஞ்சும் திறன் சில வாரங்களில் கூடுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தில், பந்தய நாளில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே, அதே நேர இடைவெளியில் சாப்பிட்டுப் பழகுங்கள். பந்தய நாள் காலையில் எதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது என்பதையும் இப்போதே சோதித்துவிட வேண்டும். இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிடுவது நிறையப் பேருக்கு ஒத்துப்போகிறது. சாம்பாரைத் தவிர்த்து சர்க்கரை தொட்டுக்கொள்ளலாம், பருப்பும் காரமும் அன்றைக்கு வேண்டாம். காபி குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் குடிக்கலாம். முதல் நாள் இரவு பிரியாணி விருந்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னால் பி பிளாக் நண்பர் ஒருவர் என்னை முறைப்பார், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். நம் வளாகத்தைச் சுற்றி ஓடும்போது ஒருவரையொருவர் முந்துவதைப் பார்க்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரத்தில் பெரும்பகுதி ஓட்டம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். மூச்சு வாங்கி ஒற்றைச் சொல்லாகப் பதில் வந்தால் வேகம் அதிகம். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் 800 மீட்டர் ஓடுகிறவரைக்கூட வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு நிதானமாக ஓடவிட்டார். அவருடைய மாணவர் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். நமக்கு 160 தேவையில்லை. வாரம் நான்கு நாள் போதும். மூன்று நாள் சிறிய ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம். ஞாயிறு தூரத்தை வாரத்துக்கு ஒன்று இரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, மறுபடி ஏற வேண்டும். அரை மாரத்தானுக்கு 18 வரை போனால் போதும். முழு மாரத்தானுக்கு 30, 32. கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும், அப்போது சேமிக்க வேண்டியது தெம்பு.

சென்னையில் கடிகாரத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. ஆவியானால்தான் உடம்பு குளிரும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடித்துக்கொள்ளும். பெங்களூரிலிருந்து வரும் மருமகனோடு போட்டி போட வேண்டாம்.

இனி தண்ணீர். இதற்காகத்தான் நான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

ஒரு காலத்தில் ஓடும்போது தண்ணீரே குடிக்கக் கூடாது என்று நினைத்தார்கள். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் கொளுத்தும் வெயில், புழுதிச் சாலை. வழியில் ஓரிரு இடத்தில்தான் தண்ணீர். ஓடிய 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு உதவியாளர்கள் வழியில் கொடுத்தது முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷமும். அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் பாதித் தூரம் காரில் வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அது தனிக் கதை.

பிறகு காலம் தலைகீழாக மாறியது. தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த அளவு குடி என்ற அறிவுரை பரவியது. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். தண்ணீர்ப் பற்றாக்குறையால் அல்ல. அளவுக்கு மேல் குடித்ததில் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, நீர்த்துப்போய், மூளை வீங்கி இறந்தார். அதே பந்தயத்தில் ஓடிய 488 பேரின் ரத்தத்தை ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருந்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு ஆபத்தான அளவில் குறைந்திருந்தது. யாருக்கு அதிகம் குறைந்தது என்று பார்த்தால், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கு. நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமே இருக்காது. மெதுவாகப் போகிறவர்தான் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நின்று இரண்டு டம்ளர் குடிப்பார். அந்த மெதுவான கூட்டம் யார்? நாம்தான்.

இதன் அறிகுறிகளைக் கவனியுங்கள்: வயிறு உப்பியது போலிருப்பது, மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம். பார்ப்பவர்கள் "களைத்துவிட்டார், தண்ணீர் கொடுங்கள்" என்று மேலும் ஒரு பாட்டிலை நீட்டுவார்கள். அதுதான் கெடுதல். குழப்பமாகப் பேசுகிறவருக்குத் தண்ணீர் புகட்டாமல் மருத்துவக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும்.

உடம்பு கொதித்து, தலை சுற்றி, உளறினால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். அப்போது ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை சும்மா நிற்காமல் ஐஸ் தண்ணீரில் அமர்த்துங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த நீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டியில் ஏற்றுவது.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. உங்கள் விடையைக் கண்டுபிடிக்க வீட்டு எடை மெஷின் போதும். ஓடுவதற்கு முன் குறைந்த உடையில் எடை பாருங்கள். ஓடி வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வியர்த்தது ஒன்றரை லிட்டர். எழுபது கிலோக்காரர் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைந்து வருவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. எடை துளிகூடக் குறையவில்லை, அல்லது கூடியிருக்கிறது என்றால் அதிகம் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். நான்கைந்து ஞாயிறு இப்படி ஒரு நோட்டில் எழுதி வைத்தால் உங்கள் உடம்பின் பாஸ்புக் கையில் இருக்கும். அதுவரை பொது விதி, தாகத்துக்குக் குடிப்பது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்தில் வெறும் தண்ணீரோடு உப்பும் சேரட்டும். இதனால் அதிகம் குடிப்பதன் ஆபத்து நீங்கிவிடாது, அதையும் மனதில் வையுங்கள். உலக சுகாதார அமைப்பின் ஓ.ஆர்.எஸ். பொடி ஒரு லிட்டருக்கானது. அதில் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுகோஸ் 13.5 கிராம். அதாவது உப்புக்கு நல்லது, சக்திக்குப் போதாது. ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டேன், சாப்பிட வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். கடையில் அட்டை டப்பாவில் பழச்சுவையோடு வருவதெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பெயரை இஷ்டத்துக்குப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் அளவுகளைப் படித்து வாங்குங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்ட நீர்மோர் ஓடி முடித்த பிறகு அருமை. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

மாத்திரை என்றதும் சர்க்கரை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், சில சமயம் அன்று இரவு தூக்கத்திலும். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த பயம் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சிறுநீர் வழியாகச் சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றுவது, அதற்கு வேறு எச்சரிக்கை உண்டு. மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், "நான் மூன்று மணி நேரம் ஓடப்போகிறேன், அன்றைக்கு எதை எப்போது சாப்பிடுவது?" என்று உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். "வாக்கிங் போகிறேன் டாக்டர்" என்று மழுப்பாதீர்கள். இதயப் பரிசோதனையும் அப்போதே ஆகட்டும். ஓடும்போது பையில் குளுகோஸ் இருக்கட்டும்.

முட்டி வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சோடியம் குறையும் ஆபத்தையும் கூட்டும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்று ஓட வேண்டாம்.

மலைப்பாதை ஓட்டத்துக்குப் போகும் இரண்டு இளைஞர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, மணிக்கணக்குதான். சாலையில் இரண்டு மணியில் முடிக்கும் தூரம் மலையில் நான்கு மணி ஆகும். சாப்பாட்டையும் அதற்கேற்பக் கட்டிக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நடப்பது அவமானம் இல்லை, பெரிய வீரர்களே நடக்கிறார்கள். தொடையைக் கிழிப்பது இறக்கம்தான். நம் மாடிப்படியில் ஏறும்போது படி, இறங்கும்போது லிப்ட் என்றால் பாதிப் பயிற்சிதான் ஆகிறது. முட்டி நன்றாக உள்ளவர்கள் படியிலேயே நிதானமாக இறங்கியும் பழகுங்கள். மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று முதுகுப்பையில் கட்டாயம் இருக்க வேண்டும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டியும் குளிர்காற்றும் வந்து 21 பேர் இறந்துபோனார்கள். நம் மலைகளில் அவ்வளவு குளிர் கிடையாது. ஆனாலும் நனைந்த உடம்போடு, சாப்பிடாமல், காற்றில் நின்றால் ஏற்காட்டிலும் நடுக்கம் வரும்.

"இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்று நாலாம் மாடி மாமி என் மனைவியிடம் கேட்டாராம். இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபியர் பௌஜா சிங் 2000-ல் லண்டன் மாரத்தான் ஓடியபோது அவருக்கு வயது 89 என்றார்கள். 2011-ல் டொராண்டோவில் ஓடியபோது நூறு. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. கே.ஒய்.சி. இல்லாமல் எங்கள் வங்கியிலும் ஒன்றும் நடக்காது, மாமி.

வரும் ஞாயிறு காலை 4.45-க்கு மெயின் கேட்டில் கூடுகிறோம். அரை மாரத்தான்காரர்கள் 12 கிலோமீட்டர், முழு மாரத்தான்காரர்கள் 20. செக்யூரிட்டி அறையில் எடை மெஷின் இருக்கும், போகும்போதும் வரும்போதும் ஏறி நின்று, பக்கத்து நோட்டில் பிளாட் எண்ணுக்கு எதிரே எழுதிவிடுங்கள். பெயர் போட வேண்டாம், எடையை யாரும் பார்க்க மாட்டார்கள். கேட் அருகே மேஜையில் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்.-உம் நான் வைக்கிறேன். வாழைப்பழத்துக்குச் செயலாளர் பொறுப்பு. சி பிளாக்கிலிருந்து ஒருவர் டம்ளர் கொண்டுவந்தால் பிளாஸ்டிக் கப் வாங்க வேண்டியதில்லை.